ஒரு கூட்டகம் பரவிய விதம்

லிஃப்ட்காரர் கூட்டகத்தில் சேர்ந்ததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொன்ன வீட்டுக்காரர், முதலில் தண்ணீரை நிறுத்தினார். பிறகு படிக்கட்டின் கைப்பிடியைக் கழற்றி விற்றுவிட்டார். லிஃப்ட்காரருக்கு நகரத்து லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து மனிதர்களை வெளியே எடுப்பதில் கைதேர்ந்தவர். தன் மனைவியையும் மகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. பேக்கரியில் வேலை. எதையும் ஆரம்பிப்பதில் கெட்டிக்காரன். எதையாவது முடித்ததாகத் தகவல் இல்லை.

"மாமா, யோசிக்கவே யோசிக்காதீங்க. எங்க கூட்டகத்துக்கு வந்துடுங்க. அங்க வீட்டுக்காரன்னு ஒருத்தனே கிடையாது. எல்லாம் நாமதான்."

"பைப்பு ஒழுகினா?"

"நாமதான்."

"சண்டை வந்தா?"

"அதுவும் நாமதான் மாமா."

கூட்டகம் ஒரு பழைய மெத்தைத் தொழிற்சாலையில் இருந்தது. மூடிக்கிடந்த கட்டடத்தைச் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, அறைகளாகத் தடுத்து, நடுவில் பொதுச் சமையலறை வைத்திருந்தார்கள். மூலைகளில் இன்னமும் பஞ்சு பறந்தது. வாசலில் ஒரு பலகை தொங்கியது: "சிறிதாக இருப்போம். நம்மை நாமே ஆள்வோம். அமைதியாகப் பரவுவோம்."

முதல் இரண்டையும் அவர்கள் பலகையைப் பார்க்காமலே செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கு எப்போது கை ஓய்வோ அவர் சமைத்தார். மழையில் கூரை ஒழுகியபோது கட்டடமே ஏணி போட்டு மேலே ஏறியது. லிஃப்ட்காரரின் மனைவிக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். அவள் காலையில் திரும்பும்போது, இன்னார் என்று தெரியாத யாரோ ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து, இன்னொரு தட்டால் மூடி வைத்திருப்பார்கள். கணக்கில் மக்காக இருந்த மகள், பக்கத்து அறை மருந்துக்கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து தேறிவிட்டாள். ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேச வேண்டும் என்பது விதி. ஒப்பாதவர்கள் அமைதியாகப் பிரிந்துபோய்ப் புதுக் கூட்டகம் தொடங்கலாம் என்றும் ஒரு விதி இருந்தது. அதை யாரும் தொட்டதில்லை. தொட நேரமில்லை, பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது.

லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இவ்வளவு நன்றாக எதுவும் நடந்து அவர் பார்த்ததில்லை.

கூட்டகங்களுக்கெல்லாம் மேலே பரவல் மையம் என்று ஒன்று இருந்தது. 'மேலே' என்று சொல்லக்கூடாது, 'உடன்' என்றுதான் சொல்ல வேண்டும். அது ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், எல்லோருக்கும் உடன் இருந்தது. மையத்துக்குத் தலைவர் கிடையாது. முதன்மைக் கேட்பாளர் என்று ஒருவர்தான் உண்டு. உறுப்பினர்கள் சொல்வதைக் கேட்பது அவர் பணி. அதற்காக அவருக்கு ஒரு காரும் டிரைவரும் இருந்தார்கள்.

ஒருநாள் அவர் கூட்டகத்துக்கு வந்தார். மெல்லிய குரல், மாறாத புன்னகை.

"சக உறவுகளே, நான் பேச வரலை, கேட்க வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தவர், மதியக் குழம்பு ஆறி ஆடை கட்டும்வரை பேசினார்.

"உங்களை நினைச்சா எனக்கு வேதனையா இருக்கு. நீங்க நல்லா இருக்கீங்க. அதை நான் குறையாச் சொல்லலை. ஆனா பரவினீங்களா? பரவாத கூட்டகம் வெறும் வீடு. வீடு எல்லார்கிட்டயும்தான் இருக்கு!"

லிஃப்ட்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "சார், எதிர்த்தெருவுல சில குடும்பங்க எங்களைப் பார்த்துட்டு ஒண்ணாச் சமைக்க ஆரம்பிச்சிருக்காங்க. அடுப்பு எப்படி வச்சிருக்கோம்னு வந்து பார்த்துட்டுப் போனாங்க. அவங்களைப் பார்த்து அடுத்த தெருவுலயும் பேச்சு நடக்குதாம்."

"மையத்துல பதிவு பண்ணிட்டாங்களா?"

"இல்ல சார். சமைக்கறாங்க."

"அப்ப அது பரவல் இல்லை. அது பழக்கம்." கேட்பாளரின் புன்னகை சற்றே அகன்றது. "பயிற்சி இல்லாம ஒண்ணாச் சமைக்கறது ஆபத்து. நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

மறுநாள் ஆள் போனார். பயிற்சி முகாமுக்கு வரும்வரை தனித்தனியாகச் சமைக்கும்படி எதிர்த்தெருக் குடும்பங்களைக் கேட்டுக்கொண்டார். முகாம் எப்போது என்று அவர்கள் விசாரித்தார்கள். அதை ஏகமனதாக முடிவு செய்ய வேண்டும் என்றார் அவர். அடுப்பு அணைந்தது.

இங்கே கேட்பாளர், வந்த அன்றைக்கே பரவலுக்கு வழி சொல்லிக்கொடுத்தார். "உயிருள்ள எதுவும் எப்படிப் பெருகுது? ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு. இதை நாங்க பிரிவுன்னு சொல்றதில்லை, பெருக்கம்னு சொல்றோம். சண்டை இல்லாம, ரத்தம் இல்லாம, ஒரு கூட்டகம் ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அதுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கருத்து வேறுபாடு. எங்க, உங்க கருத்து வேறுபாட்டைச் சொல்லுங்க, கேட்போம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணுகூடவா இல்லை? ஆரோக்கியமான மனுஷங்கதானா நீங்க?"

எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. விருந்தாளி கேட்டதை இல்லையென்று சொல்கிற மாதிரி இருந்தது. கடைசியில் மருந்துக்கடைக்காரர், கூட்டகத்தின் மானம் போகக்கூடாதே என்று, "சமையலறை ஜன்னலைச் சிலர் திறந்தே வச்சிடறாங்க. காத்துல அடுப்பு அணையுது" என்றார்.

"திறந்து வைக்காட்டா புகை எங்க போகும்?" என்றான் மச்சினன், சாதாரணமாகத்தான்.

கேட்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த வாரக் கடைசிக்குள் சமையலறையின் குறுக்கே ப்ளைவுட் சுவர் எழும்பியது. ஒரு பக்கம் திறந்த ஜன்னல் கூட்டகம், மறுபக்கம் மூடிய ஜன்னல் கூட்டகம். ஜன்னல் என்னவோ ஒன்றுதான். அது திறந்தவர்கள் பக்கம் போனது. அடுப்பு மூடியவர்கள் பக்கம் நின்றுவிட்டது. திறந்த ஜன்னல் கூட்டகத்தின் நிறுவனர் என்று மச்சினனுக்கு ஒரு பேட்ஜைச் சட்டையில் குத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் மெதுவாக நடக்கத் தொடங்கினான்.

லிஃப்ட்காரர் மனைவியைக் கேட்டார். "நாம எந்தப் பக்கம்?"

"அடுப்பு இருக்கற பக்கம்" என்றாள் அவள். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அடுப்பு இல்லாத பக்கத்துக்கு அடுப்பையும், குழாய் இல்லாத பக்கத்துக்குக் குழாயையும் கடன் கொடுப்பது பற்றி இரண்டு கூட்டகங்களும் தூதர்களை வைத்துப் பேசின. பேச்சு சுமுகமாக நடந்தது, சாப்பாடுதான் நடக்கவில்லை. அதற்குள் மூடிய ஜன்னல்காரர்களுக்குள் செருப்பை அறைக்கு உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று பேச்சு வந்தது. வெளியே விடுபவர்கள் பெருகித் தனிக் கூட்டகமானார்கள். அந்தப் பக்கம், பொதுக் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுவதைத் திருத்தலாம் என்று ஒருவர் சொன்னதில், சரியான நேரக் கூட்டகமும் முந்திய நேரக் கூட்டகமும் உண்டாயின. ஒவ்வொரு பெருக்கத்துக்கும் கேட்பாளர் வந்தார், பேசினார், கைதட்டினார். தாழ்வாரத்தில் ப்ளைவுட் வாசம் நிரந்தரமாகிவிட்டது. மரக்கடைக்காரர் இந்த இயக்கத்தில் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தார்.

லிஃப்ட்காரர் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒருநாள் அதற்காகவும் அவரை எழுப்பி நிறுத்தினார்கள்.

"எல்லாத்துக்கும் சரின்னா என்ன அர்த்தம்?" என்றார் கேட்பாளர் கனிவாக. "எங்க யார் கருத்தையும் நீங்க மதிக்கலைன்னு அர்த்தம். இது ஒரு மாதிரி அடக்குமுறை."

"சரிங்க சார்" என்றார் லிஃப்ட்காரர்.

இடி விழுந்தது உறக்க விஷயத்தில். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பகலில் தூங்க முடியவில்லை என்று முறையிட்டார்கள். அது உண்மை. பழைய நாட்களில் அவர்கள் தூங்கும்போது எல்லோரும் தாமாகவே மெதுவாகப் பேசினார்கள். இப்போது எந்நேரமும் எங்காவது ஒரு தொடக்க விழா. உடனே பகலுறக்கக் கூட்டகம் பிறந்தது. அதற்குத் தாழ்வாரத்தின் கடைசியில் மூன்று அறைகள். லிஃப்ட்காரரின் மனைவிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"என்னங்க, ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கிட்டு வந்துடறேன்" என்றாள்.

"போயிட்டு வா. தூங்கினாப் போதும்" என்றார் அவர்.

ஒருவர் ஒரு கூட்டகத்தில்தான் இருக்கலாம் என்பதும், போனவர் திரும்புவது என்ற ஏற்பாடே விதிகளில் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. "முன்னாலதானே போக முடியும்? பின்னால போறதுக்குப் பேர் பரவல் இல்லையே" என்றார் கேட்பாளர். மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவளைப் பெரிய மனுஷி மாதிரி நாற்காலி போட்டு நடுவில் உட்காரவைத்தார்கள்.

"யாரும் கட்டாயப்படுத்தலை கண்ணு. நீயே சொல்லு, எந்தக் கூட்டகம்?"

"அம்மா அப்பா ரெண்டு பேர் கூடவும்" என்றாள் மகள்.

"அருமை! இது ஒரு மூணாவது கருத்து!" கேட்பாளரின் கைகள் தட்டுவதற்காக மேலே போயின.

"என்கூட, என்கூட!" என்று அவள் அம்மா பாய்ந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு நிமிடம் விட்டிருந்தால் அந்தப் பெண் ஒரு கூட்டகமாகியிருப்பாள்.

அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் தன் மனைவியைப் பார்க்க வேண்டுமென்றால் நட்புக் கூட்டகத்துப் பார்வையாளராகப் போக வேண்டியிருந்தது. அவர்கள் வரவேற்புரை சொல்வார்கள். இவர் ஏற்புரை சொல்ல வேண்டும். அதற்குள் அவளுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். மகள் கணக்கை மறுபடி மறந்துகொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் வேறு கூட்டகம்.

கடைசியில் லிஃப்ட்காரர் மையத்துக்கே போனார். அங்கே சுவர் முழுக்க ஒரு பெரிய வரைபடம், அதில் நெருக்கி நெருக்கிச் சிவப்புக் குண்டூசிகள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழு அதன் முன் வாயைப் பிளந்து நின்றிருந்தது. ஏதோ ஒரு கண்டம் என்று இவரும் நினைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தபோது கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. அது மெத்தைத் தொழிற்சாலை.

"சார், ஒரு சின்ன வேண்டுகோள். எங்களுக்கும் பகலுறக்கத்துக்கும் நடுவுல இருக்கற சுவரை எடுத்துட்டு, ஒண்ணாச் சேர்ந்துக்கறோம். நாங்க சத்தமே போடமாட்டோம்."

கேட்பாளருக்கு முதலில் விளங்கவில்லை. "சேர்றதுன்னா?"

"ரெண்டு ஒண்ணாகறது சார்."

"ரெண்டு ஒண்ணானா ஒண்ணு எங்க போகும்?" அவர் குரல் நடுங்கியது. "ஒரு கூட்டகத்தையே இல்லாம ஆக்கச் சொல்றீங்க. நாங்க அமைதி வழிக்காரங்க. இந்த மாதிரி வன்முறைப் பேச்சை எல்லாம் நான் கேட்கறதே இல்லை."

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சில நாள் கழித்து லிஃப்ட்காரருக்கு வேலை நிமித்தம் ஓர் அழைப்பு வந்தது. மையம் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒருவர். இவர் ஐந்தாவது மாடிக் கதவைச் சாவி போட்டு ஒரு கை அகலம் விலக்கினார். கீழே, கேட்பாளரின் வழுக்கைத் தலை வியர்த்துக்கிடந்தது.

"யாருப்பா அது? சீக்கிரம் திறப்பா! மூச்சு முட்டுது!"

"பயப்படாதீங்க சார், காத்து வரும். பிரேக்கைத் தளர்த்தி மெதுவா இறக்கணும். கொஞ்ச நேரமாகும்." பிறகு, தன் வாழ்க்கையில் செய்த ஒரே தந்திரமாக, லிஃப்ட்காரர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சார், அந்தச் சுவர் விஷயம்."

"எந்தச் சுவர்?"

"என் வீட்டுக்காரி இருக்கற பக்கத்துச் சுவர்."

"எடுத்துடுய்யா! எந்தச் சுவரா இருந்தாலும் எடுத்துடு! முதல்ல என்னை எடு!"

அவர் மேலே மெஷின் ரூமுக்கு ஓடினார். கேட்பாளரை நான்காவது மாடியில் அலுங்காமல் இறக்கினார். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். மதிய வெயில் நேரம். தாழ்வாரம் அமைதியாக இருந்தது. டூல் பையைத் திறந்து, சுவரின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். கழற்றிய பலகையைச் சுவரோரம் சாய்க்கப் போனபோது அது நழுவித் தரையில் விழுந்தது. கட்டடமே அதிர்ந்தது.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். இந்தப் பக்கத்தவர்களும் ஓடிவந்தார்கள். நடுவில் சுவர் இல்லாமல் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு மருந்துக்கடைக்காரர், "பாப்பா, எவ்வளவு வளர்ந்துட்டே!" என்றார். மகள் சிரித்தாள். அந்த ஒரு கணத்தில் ஏதாவது நடந்திருக்கலாம் என்றுதான் லிஃப்ட்காரர் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டார்.

"யாரு இது? யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சினன் வந்தான். அவனுக்கு நிறுவனர்கள் மாநாட்டுக்கு விமான டிக்கெட் வந்திருந்தது. "மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு? இன்னைக்கு இந்தச் சுவர்னா நாளைக்கு எங்க சுவர். அப்புறம் நான் யாரு? பேக்கரியில ரொட்டி சுடறவன்!"

"நீ ரொட்டி சுடறவன்தானேடா" என்றார் லிஃப்ட்காரர், புரியாமல்.

மனைவி கண் சிவந்து நின்றிருந்தாள். "என்னங்க இது? பக்கத்து ரூம் அக்கா ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து இப்பதான் கண்ணசந்தாங்க. கொஞ்சம் சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?"

"சொல்லணும்னாப் பார்வையாளரா வரணுமேம்மா" என்றார் அவர்.

மாலைக்குள் கேட்பாளர் வந்துவிட்டார். தலை துவட்டி, சட்டை மாற்றி, புன்னகையைத் திரும்பப் போட்டிருந்தார்.

"சார், நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"நான் சொல்றவன் இல்லை, கேட்கறவன். நான் சொன்னதா நீங்க கேட்டிருந்தா அது உங்க காதுல இருக்கற கோளாறு." அவர் எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். "சக உறவுகளே, இவர் மேல யாருக்கும் கோபம் வேண்டாம். தண்டனைங்கற பேச்சுக்கே நம்மகிட்ட இடமில்லை. சுவர் வேணும்னு எல்லாக் கூட்டகமும் நினைக்குது. இவர் ஒருத்தர் வேண்டாம்னு நினைக்கறார். எவ்வளவு தூய்மையான கருத்து வேறுபாடு! இதுவரைக்கும் நாம பார்த்த எல்லாப் பெருக்கத்துலயும் இதுதான் உச்சம். ஒரே ஆள்! இதைவிடச் சின்னதா, இதைவிடத் தன்னாட்சியா ஒரு கூட்டகம் இருக்க முடியுமா? ஆட்சேபம் இருக்கறவங்க கை தூக்கலாம்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். மகளின் தோளில் இருந்த அவள் வலது கை லேசாக அசைந்தது. ஆட்சேபித்தால் அவளும் ஒரு தனிக் கூட்டகம். மகள் பகலுறக்கத்தில் யாரோடோ இருப்பாள். கை தோளிலேயே இருந்துவிட்டது. அவளை அவர் குறை சொல்லவில்லை. அவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

துணி அயர்ன் செய்யும் அறையை அவருக்கு ஒதுக்கினார்கள். ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். 'சுவரில்லாக் கூட்டகம்' என்று பலகை எழுதி, நான்கு சுவருக்கு நடுவில் மாட்டினார்கள்.

தொடக்க விழாவுக்கு எல்லாக் கூட்டகங்களின் பிரதிநிதிகளும் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். பகலுறக்கத்தின் சார்பில் அவருடைய மனைவி வந்திருந்தாள். அவள் முறை வந்தபோது முன்னே வந்து, கொடுத்திருந்த வாழ்த்தை வாசித்தாள். "அன்புள்ள அண்டைக் கூட்டகத்துக்கு, எங்கள் கூட்டகம் தன் தோழமையைத் தெரிவித்துக்கொள்கிறது. நம் உறவு அமைதியிலும் பரஸ்பர மரியாதையிலும் வளர்க." காகிதத்தை மடித்தாள். போகாமல் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவர் முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவருடைய கூட்டகத்தில் அடுப்பு கிடையாது.

"ஆச்சும்மா" என்றார். "நீ போய்ப் படு. ஷிஃப்ட் இருக்குல்ல."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லாத உரையாடல்களைத் தவிர்க்கலாமே" என்றார் கேட்பாளர், யாரையும் பார்க்காமல். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்பாளர் மட்டும் வாசலில் நின்று, இவர் தோளில் கை வைத்தார். "ஆரம்பம் நல்லா இருக்கு. ஆனா இதோட நின்னுடக்கூடாது. அடுத்த வருஷம் நீங்களும் பரவணும்."

"நான் ஒரே ஆள்தானே சார்?"

"உங்களுக்குள்ளயே ஏதாவது கருத்து வேறுபாடு இருக்கும். நிதானமாத் தேடிப் பாருங்க. நான் வந்து கேட்கறேன்."

கார் போகும் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் கட்டிலில் உட்கார்ந்து தேடிப் பார்த்தார். தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டலாம் என்று ஒரு பக்கம் சொன்னது. அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், எழுப்ப வேண்டாம் என்று இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டு பக்கமும் பொறுமையாக, ஒன்றையொன்று மதித்துப் பேசின. கடைசியில் எழுப்ப வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.